கடல் பக்கமாகப் போகச் சொன்னவர்

இடது, வலது என்ற இரண்டு சொற்களில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கடல் பக்கம், ஏரிப் பக்கம், மெட்ராஸ் பக்கம், பாண்டி பக்கம். அவருடைய உலகத்தின் திசைகள் இந்த நாலும்தான்.

மரக்காணத்துக்குள் நுழையும் இடத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி என் ஜெராக்ஸ் கடை. வாசலில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் அவர். சென்னையிலிருந்து வரும் கார் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கினால், கேள்வி வெளியே வருவதற்குள் அவருடைய கை தோள் உயரத்துக்கு வந்து நிற்கும். அதனால் ஊரில் அவருக்குக் கைகாட்டி என்று பேர். அவர் முன்னால் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். முன்னால் அண்ணன், பெரியவர், முதலாளி. சின்னதாக ஒரு உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியதால் அந்தக் கடைசிப் பட்டமும் உண்டு.

"அங்கிள், பிரம்மதேசம் கோயில் எப்படிப் போகணும்?"

"நேரா போங்க. ஒரு பெட்ரோல் பங்க் வரும், அதைக் கண்டுக்காதீங்க. அப்புறம் ஏரிப் பக்கமா திரும்பிடுங்க."

"லெஃப்டா ரைட்டா, அங்கிள்?"

"அது நீங்க எப்படித் திரும்பி நிக்கிறீங்கங்கிறதப் பொறுத்தது."

கார் போகும். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையில் அதே கார் திரும்பி வரும். அவர் வருத்தப்பட்டதே இல்லை. "நான் சொன்ன வழி கரெக்ட்டு தம்பி. அவங்க போனதுதான் வேற" என்பார் என்னிடம்.

திருப்பதிக்கும் திருச்சிக்கும் வழி சொன்னவர் வானூரைத் தாண்டியதில்லை. தாண்டினால் வயிறு புரட்டும் என்பார். பஸ்ஸா, பயணமா, ஊரா, எது புரட்டுகிறது என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். "ஊரெல்லாம் சுத்துறவனுக்கு வழி தெரியாது தம்பி. நின்ன எடத்துல நிக்கிறவனுக்குத்தான் தெரியும்." இதைக் கேட்டு நான் தலையாட்டியிருக்கிறேன். நானும் நின்ற இடத்திலேயே நிற்பவன். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., அதுவும் தபாலில். யாரோ எழுதியதை அப்படியே பிரதி எடுத்துக் கொடுப்பது என் தொழில். எங்கள் துறையில் முனைவர் பட்டம் வாங்கிய பலரும் செய்வது இதைத்தான். நான் கொஞ்சம் மலிவாகச் செய்கிறேன். தனிக்கட்டை. கடையை மூடி வீட்டுக்குப் போனால் என்னிடம் வழி கேட்கவோ சாப்பாடு கேட்கவோ ஆள் கிடையாது.

அவருடைய மகள், அவர்களுக்குப் பாப்பா, நர்சு வேலைக்கு ஆஸ்திரேலியா போய், அங்கேயே குடும்பமானாள். ஊர் பேர் அடிலேடு. "கிரிக்கெட் ஆடுற ஊராச்சே" என்று பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் சொன்னார்கள். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்து, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அவருக்கும், நான் அண்ணி என்று கூப்பிடும் அவர் சம்சாரத்துக்கும் பாஸ்போர்ட்டு எடுத்தார்கள். பிரதி எடுத்தது நான். அவர் தன் போட்டோவைப் பார்த்து, "போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டுற மாதிரி இருக்குது" என்றார்.

ஆவணி மாதம் மருமகன் வந்து கூட்டிப்போனபோது அண்ணி மட்டும் காரில் இருந்தாள். கார் என் கடை வாசலில் நின்றது. அவர் குனிந்து டிரைவருக்கு விமான நிலையத்துக்கு வழி சொன்னார், விமான நிலையத்தைப் பார்த்திராதவர். அண்ணி பின்சீட்டுக் கண்ணாடியை இறக்கினாள்.

"உப்பு உப்புன்னு இங்கியே இருங்க. எனக்கு ஒரு வருஷம் விசா. நீங்க வந்து கூட்டிட்டுப் போனாத்தான் நான் திரும்பி வருவேன். இல்லன்னா பாப்பாகிட்ட சொல்லி விசாவை நீட்டிப்பேன். சொல்லிட்டேன்."

"போமே. மழை முடியட்டும், வர்றேன்."

விளையாட்டுப் பேச்சுதான். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்கள் விளையாட்டாகச் சொல்வதைத்தான் திரும்ப எடுக்க மாட்டார்கள். மழை முடிந்தது. மழையில் கரைந்த வரப்பைக் கட்ட வேண்டும் என்றார். கட்டியதும் உப்பு இறங்குகிற நேரம், எப்படி விட்டுவிட்டு வருவது என்றார்.

முதல் போன் வந்தது அண்ணி போன கொஞ்ச நாளில். மத்தியானம். மகள் ஆஸ்பத்திரியில், மருமகன் வேலையில், குழந்தையைப் பக்கத்து வீட்டு மலையாளப் பெண் பார்த்துக்கொள்ள, அண்ணி தனியாகக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்ப வழி தெரியாமல் நின்றாள். அவர் போனைப் பிடித்துக்கொண்டு என் கடைக்குள் ஓடிவந்தார்.

"தம்பி, அந்த ஊரு மேப்பைப் போடு!"

போட்டேன். திரையில் அடிலேடு நகரத்தின் நடுப்பகுதி விரிந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஊர். வடக்கு தெற்காகச் சில தெரு, கிழக்கு மேற்காகச் சில தெரு, எல்லாம் சதுரம் சதுரமாக. நட்டநடுவில் ஒரு மைதானம், நாலு மூலைக்கும் ஒவ்வொரு மைதானம். ஊரைச் சுற்றி நாலு பக்கமும் பச்சை. வீடில்லை, கடையில்லை, வெறும் பூங்கா. போட்டோவுக்குச் சட்டம் போட்ட மாதிரி.

அவர் திரையைத் தொட்டார். "இது அளம் தம்பி!" என்றார். "பாரு, பாத்தி. இது வரப்பு. சுத்தி வாய்க்கால் விட்டிருக்கான். வாய்க்கால்ல தண்ணிக்குப் பதிலா புல்லு வெச்சிருக்கான், மாட்டுக்கு இருக்கும்." அதற்குப் பிறகு அந்த ஊரைப் பற்றி நான் சொல்லி அவர் கேட்கவேண்டியது எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

வீடு தெற்கே, ரைட் என்ற தெருவில். வாழ்நாள் முழுவதும் இடது வலதை ஒதுக்கியவரின் சம்சாரத்துக்கு ரைட் தெருவில் வீடு வாய்த்தது.

"ஏமே, எங்க நிக்கிற?"

"வண்டியே வராத தெருங்க. எல்லாரும் நடுரோட்டுல நடக்குறாங்க. ஒரு ஆளு பிடில் வாசிக்கிறான்."

"தெக்கால வா."

"தெக்கு எதுன்னு தெரிஞ்சா நான் ஏங்க போன் பண்றேன்?"

"கடல் பக்கமா மூஞ்சிய வெச்சு நில்லு. சோத்துக்கை பக்கம் தெக்கு." இடது வலது சொல்லாதவர் சோற்றுக்கையை மட்டும் ஏற்றுக்கொண்டிருந்தார், அது உடம்பில் இருப்பதால்.

"கடலே காணோங்க."

"யாரையாச்சும் கேளு. கடலுக்கு இங்கிலீஷ்ல சீ."

அந்தப் பக்கம் யாரோ கடந்துபோகும் செருப்புச் சத்தம். பிறகு, தணிந்த குரலில்: "ஒரு ஆம்பளை மூஞ்சியப் பாத்து சீன்னு எப்படிங்க சொல்றது?"

கடைசியில் ஒரு பாட்டியிடம் சொன்னாளாம். பாட்டி சிரித்துக்கொண்டே கை காட்டினாள். அண்ணி அந்தப் பக்கம் முகத்தை வைத்து நின்றாள், சோற்றுக்கைப் பக்கம் திரும்பினாள், நடந்தாள். கொஞ்ச நேரம் கழித்து: "ஏங்க, ஆத்தாங்கரை வந்திடுச்சுங்க!"

மேப்பைப் பார்த்தேன். ஆறு ஊருக்கு வடக்கே ஓடுகிறது. அண்ணி சரியாக நேர் எதிராக நடந்திருக்கிறாள். காரணமும் தெரிந்தது. நம் ஊரில் கடல் கிழக்கு. அந்த ஊரில் கடல் மேற்கு.

"அண்ணே, அங்க கடல் மேற்கால இருக்குது."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "கடல் மேக்கால இருந்தா அது கேரளா, தம்பி."

நான் போனை வாங்கி, டிராமில் ஏறச் சொன்னேன். ஊருக்குள் டிராமுக்குக் காசில்லை என்று மேப்பு சொன்னது. "சும்மாவா? அப்ப நெருக்கித் தள்ளுவாங்களே" என்றாள். காலியாக வந்ததாம்.

அன்றிலிருந்து மத்தியானம் ஆனால், அதாவது அங்கே சாயங்காலம் ஆனால், போன் வந்தது. அண்ணி எங்காவது தொலைந்து நின்றாள். அஞ்சாம் கிளாஸ் வரை படித்தவள், எழுத்து எழுத்தாகப் போர்டைப் படிப்பாள். நான் சேர்த்துச் சொல்வேன். அவர் அதைத் தமிழாக்குவார். ஹிண்ட்லி என்பது இட்லித் தெரு ஆயிற்று. பீரி என்று ஒன்று. அது பூரித் தெரு. புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் அண்ணி, "சி, யு, ஆர், ஆர், ஐ, ஈ" என்று படித்தாள்.

"கறி" என்றேன், யோசிக்காமல்.

"ஏமே, புரட்டாசி சனிக்கிழமை அதுவுமா கறித் தெருவுல இன்னா வேலை உனக்கு?"

"தெருவுல நடக்குறதுக்குமா விரதம்?"

"மொதல்ல அந்தத் தெருவ விட்டு வெளிய வா!"

அவள் நேராக நடந்து குறுக்கே வந்த பெரிய ரோட்டைத் தாண்டினாள். தாண்டியதும் கத்தினாள். "ஏங்க, அதே தெருதான், நேராத்தான் வந்தேன். பேரு மாறிடுச்சுங்க!"

"தெரு எப்படிமே மாறும்? நீதான் மாறியிருப்ப."

தெருதான் மாறியிருந்தது. தேடிப் பார்த்தேன். நடுவில் போகும் அந்தப் பெரிய ரோட்டுக்கு ஒரு ராஜாவின் பேர். ராஜாவை யாரும் குறுக்கே தாண்டக் கூடாதாம். அதனால் குறுக்கே வருகிற தெரு எல்லாம் அவரிடம் வந்ததும் முடிந்துவிடும். அந்தப் பக்கம் வேறு பேரில் புதுசாக ஆரம்பிக்கும். அப்படித்தான் அங்கே சொல்லிக்கொள்கிறார்களாம். படித்துக் காட்டினேன். அவருக்கு முகம் மலர்ந்தது. முதல்முறையாக அந்த ஊரின் மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்தது. "ராஜான்னா அப்படித்தான் இருக்கணும். இங்க இன்னாடான்னா எம்.எல்.ஏ. காரை ஆடு குறுக்கால தாண்டுது."

கொஞ்ச நாளில் அவருடைய அளத்துக்கு நடுவே போகும் பெரிய வரப்பு ராஜா வரப்பு ஆனது. மேற்கே இட்லிப் பாத்தி, கறிப் பாத்தி. கிழக்கே பூரிப் பாத்தி. அளத்தில் உப்பு வாரும் அஞ்சலைக்கு வாய் நீளம். தலையில் கூடையோடு ராஜா வரப்பில் நின்று கேட்பாள்:

"அண்ணாத்த, அக்கா இன்னைக்கு இட்லிலயா பூரிலயா?"

"வேலையப் பாரு."

"இல்ல, சாம்பாருக்கு எந்தப் பாத்தின்னு கேட்டேன். எல்லாத் தெருவுக்கும் உப்பு மட்டும் நாமதான் போடணுமா?"

பெண்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு வெளிச்சம் தாங்காத கண்ணை இடுக்கிக் கடல் பக்கம் பார்ப்பார், அந்த ஊரே அங்கேதான் இருப்பது போல.

போனில் என்னதான் பேசினார்கள் என்று யோசித்தால், அவ்வளவும் வழி. சாப்பிட்டியா என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. அவர் என்ன சாப்பிட்டார் என்று அவள் கேட்பாள், "ஆச்சு" என்பார். சைக்கிள் ஹேண்டிலில் பரோட்டாப் பொட்டலம் தொங்கும். வீட்டில் அடுப்பு எரிந்து மாதங்கள் ஆகியிருந்தன.

அந்த ஊரில் ரோட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு கம்பம் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் டக்... டக்... என்று மெதுவாக அடித்துக்கொண்டே இருக்கும். விளக்கில் பச்சை மனுஷன் வந்ததும் டக்டக்டக்டக் என்று விரட்டும். கண் தெரியாதவர்களுக்காம். போனில் அது தெளிவாகக் கேட்கும். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் அந்த நடு ஊர் காலியாகிவிடுகிறது என்று அண்ணி சொன்னாள்.

"எவ்ளோ பெரிய கட்டடம், எவ்ளோ அகல ரோடு. ஆள் இல்லைங்க. எல்லாரும் எங்கியோ வீட்டுக்குப் போயிடுறாங்க. ஒரு வண்டி கூட வரல, ஆனா பச்சை மனுஷன் வர்ற வரைக்கும் நான் மட்டும் நிக்கிறேன். ஐப்பசி மாசத்து அளம் மாதிரி இருக்குதுங்க."

ஐப்பசி மழையில் அளத்தில் வேலை இருக்காது. ஆள் இருக்காது. வரப்பு கரைந்து, வானம் மட்டும் பாத்திகளில் படுத்திருக்கும். டக்... டக்... என்பதை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெராக்ஸ் மெஷினை நான் நிறுத்திவைத்தேன்.

இடையில் அந்த ஊர்க்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்தினார்கள். கோடைக்காக வருஷா வருஷம் நகர்த்துவார்களாம். இது தெரியாமல் அவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். அந்தப் பக்கம் அவள் முன்பே கூப்பிட்டிருக்கிறாள். போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு அளத்தில் நின்றவருக்குத் தெரியவில்லை. இங்கே உட்கார்ந்து சாயங்காலம் வரை போனைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னபோது, "நேரத்தையே நகத்துறானா?" என்று மட்டும் கேட்டார். மறுநாளிலிருந்து எவன் எதை நகர்த்தினாலும் ஆகட்டும் என்று காலையிலேயே வந்து உட்கார்ந்தார்.

தை மாதம் மகள் என்னைக் கூப்பிட்டாள், ஏதோ சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி. பேச்சுவாக்கில், "அம்மாவுக்கு வழி இன்னும் பிடிபடலையாம்மா?" என்று கேட்டேன்.

"யாருக்கு, அம்மாவுக்கா?" அவள் சிரித்தாள். "அண்ணா, புதுசா படிக்க வர்ற நம்ம பசங்களுக்கு மார்க்கெட்டுக்கு வழி சொல்றதே அம்மாதான். எந்த டிராம் எங்க நிக்கும்னு எனக்கே சொல்றாங்க. ஆரம்பத்துல ரெண்டு மூணு தடவை சுத்தினாங்க, அவ்ளோதான். அப்பா கடல் பக்கம்னு சொன்னா அதுக்கு எதிர்ல இருக்கிற மலை பக்கம் போவணும், அது ஒண்ணுதான் ரகசியம்னு சொல்வாங்க."

அன்று மத்தியானமும் போன் வந்தது. அன்றும் அண்ணி தொலைந்திருந்தாள். நான் மௌஸைப் பிடித்துக்கொண்டு, சொல்வதா வேண்டாமா என்று தவித்தேன். அவர் பேசி முடித்து போனை வேட்டி மடிப்பில் செருகினார். என் முகத்தைப் பார்த்தார்.

"பாப்பா சொல்லிடுச்சா?"

"எது அண்ணே?"

"அவ தொலையலன்னு எனக்குத் தெரியும் தம்பி. நான் ரோட்டைத் தாண்டுன்னு சொல்றதுக்கு முன்னாடியே டக்டக்னு கேக்குது. வழி தெரியாதவ பொத்தானை அமுக்குவாளா?"

"அப்ப ஏன் வழி சொல்றீங்க?"

மரத்தடிக்குப் போகத் திரும்பியவர் நின்றார். "வேற இன்னா தெரியும் எனக்கு?" என்றார்.

கொஞ்ச நாள் கழித்து அவள் டிராமில் கடைசி ஸ்டாப் வரை போனாள். அங்கே கடல். "ஏங்க," என்றாள், "சூரியன் கடலுக்குள்ள இறங்குதுங்க." நம் ஊரில் சூரியன் கடலிலிருந்து ஏறும், இறங்கிப் பார்த்ததில்லை. அவர் திரும்பி நம் ஊர்க் கடல் பக்கம் பார்த்தார். அப்புறம், "அப்ப நான் உன்னை இத்தனை நாளா தப்பாவா அனுப்பினேன்?" என்றார்.

"நான் சரியாத்தான் வந்தேன்" என்றாள் அவள்.

அப்போதும் அவர் போவதாகச் சொல்லவில்லை. ஆடியில் விசா முடியும். நீட்டிக்கவா வேண்டாமா என்று மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி அவரைக் கேட்கச் சொன்னாள். அவர் உப்பைக் காட்டினார். சித்திரை போனது, வைகாசி போனது. உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்தது. வெளிச்சத்தில் அளத்தைப் பார்க்க முடியாது. அவர் பார்த்துக்கொண்டே நிற்பார்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம். இங்கே தார் உருகும் வெயில். போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க." குரல் வேறாக இருந்தது. "போர்டே இல்லைங்க."

"எங்க நிக்கிற?"

"தெரியலைங்க. பாப்பாகூட ஒரு சின்னப் பேச்சு. விசா பேப்பரைக் கொண்டாந்து கையெழுத்துப் போடும்மான்னு சொல்லிச்சு. நான் கோவமா வெளிய வந்துட்டேன். நடந்துகிட்டே இருந்தேன். இப்ப மரமா இருக்குது. இருட்டிட்டு வருது. மழை தூறுதுங்க."

"டக்டக் கேக்குதா?"

"இல்லைங்க. ஏதோ பறவை கத்துது."

நான் மேப்பைத் திறந்தேன். ஊரின் சதுரங்கள் முடிந்து, சுற்றிலும் இருக்கும் அந்தப் பச்சைக்குள் எங்கோ நிற்கிறாள். தெருவுமில்லை, இட்லியுமில்லை, பூரியுமில்லை. வந்த பக்கமே திரும்பி நடந்தால் ஊர் வந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கை எழும்பியது. தோளுயரத்தில், எந்தப் பக்கமும் காட்டாமல், உள்ளங்கை என்னைப் பார்த்து நின்றது.

"அங்கியே நில்லு," என்றார் போனில். "நான் வர்றேன்."

அந்தப் பக்கம் பறவை ஒருமுறை கத்தியது. பிறகு, "சரிங்க. நிக்கிறேன்."

போனை மடிப்பில் செருகிக்கொண்டு வெளியே நடந்தார். ரோட்டோரம் வந்ததும் நின்றுவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மெட்ராஸ் பஸ்ஸு எந்தப் பக்கம் தம்பி நிக்கும்?"

மெட்ராஸுக்கு வழி சொல்லியே வாழ்ந்தவர். நான் எதிர்ப்பக்கத்தைக் காட்டினேன். அவர் ரோட்டைத் தாண்டினார். இந்தப் பக்கம் கைகாட்டியாக இருந்தவர் அந்தப் பக்கம் போய், வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு ஆளாக ஆனார்.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு நான் பின்னால் ஓடினேன். "அண்ணே, விசா வேணும். டிக்கெட் வேணும். ஏரோப்ளேன்ல போகணும்."

"அவ மழையில நிக்கிறா தம்பி."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பஸ் வந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். அவர் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். "ஏறுறதா, பெரியவரே, இல்ல சும்மா நிக்கிறதா?" என்றார் கண்டக்டர். மடிப்புக்குள் போன் அடித்தது. மகள். நான்தான் எடுத்தேன்.

"அண்ணா, அம்மா வந்துட்டாங்க. நனைஞ்சு வந்து நிக்கிறாங்க. யாரோ நாயோட நடக்க வந்தவங்க ரோடு வரைக்கும் கொண்டாந்து விட்டாங்களாம். அப்பாகிட்ட என்ன பேசினாங்க? 'உங்கப்பா வர்றாரு, உங்கப்பா வர்றாரு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. அழறாங்களா, சிரிக்கிறாங்களான்னு தெரியலை."

சொன்னேன். அவர் படியிலிருந்து காலை எடுத்தார். பஸ் போனது. ரோட்டைத் திரும்பத் தாண்டினார். மரத்தடியில் உட்காரவில்லை. நேராகக் கடைக்குள் வந்து, "அந்த விசாவுக்கு இன்னா இன்னா வேணும், எழுது" என்றார்.

அண்ணியின் விசாவைக் கொஞ்ச நாள் நீட்டித்தார்கள், அவர் வந்து கூட்டிப்போவதற்காக. அவர் கிளம்பின அன்று காரின் முன்சீட்டில் உட்கார்ந்தார், மடியில் ஊறுகாய் டப்பா. கூடவே பாலித்தீன் பையில் ஒரு பிடி உப்பு. அஞ்சலை கட்டிக் கொடுத்தது. "சாம்பாருக்கு" என்று சொல்லிக் கொடுத்தாளாம். டிரைவர் கேட்டான்: "பெரியவரே, இப்படியே கடற்கரை ரோட்டுல போவலாமா, திண்டிவனம் போய் பைபாஸ் பிடிக்கலாமா?"

"எனக்குத் தெரியாதுப்பா," என்றார். "நீயே பாத்துப் போ."

நான் ஜன்னலில் குனிந்தேன். பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அண்ணே, அன்னைக்கு அண்ணி நெஜமாவே தொலைஞ்சாங்களா?"

"நான் கேக்கலை," என்றார். "நீயும் கேக்காத."

போய்ச் சேர்ந்து ஒருமுறை கூப்பிட்டார். பின்னணியில் டக்டக் கேட்டது. "தம்பி, இங்க எல்லாம் சரியாத்தான் இருக்குது. கடலைத்தான் பக்கம் மாத்தி வெச்சிருக்கான். உங்கண்ணி முன்னாடி போறா, நான் பின்னாடி போறேன்." வயிறு புரட்டியதா என்று கேட்டேன். "அட, அதை மறந்தே போனேன்" என்றார். அடுத்த சீசனுக்கு இருவரும் வந்துவிடுவோம் என்றும் சொன்னார்.

சீசன்கள் வந்து போயின. மகளுக்கு இரண்டாவது குழந்தை. வேறு ஏதோ விசா. போன் பண்டிகைக்குப் பண்டிகை ஆனது, பிறகு நம்பர் மாறிவிட்டது. அளம் இப்போது வேறொருவர் குத்தகையில். பெரிய வரப்புக்குக் கிழக்கே இருக்கும் பாத்தியை அஞ்சலை இன்னும் பூரி என்கிறாள். புதிய முதலாளிக்குக் காரணம் தெரியாது. ஆதார் பிரதி எடுக்க வந்தபோது, "இன்னா சார், கைகாட்டி எப்ப வருவாராம்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். "உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதை சொல்பவனுக்கு ஒன்றும் தெரியாது என்ற கருத்து இலக்கியத் துறையிலும் முன்பே சொல்லப்பட்டதுதான்.

மத்தியானத்தில் கடைக்கு யாரும் வருவதில்லை. மெஷினை அணைத்துவிட்டு மரத்தடியில் போய் உட்காருகிறேன். போன வாரம் ஒரு கார் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கியது. அனுமந்தைக்குப் போக வேண்டுமாம்.

"நேரா பாண்டி பக்கமா போங்க. போர்டு வரும். அங்க கடல் பக்கமா திரும்பிடுங்க."

"லெஃப்டா ரைட்டா, சார்?"

கை ஏற்கெனவே தோளுயரத்தில் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கார் போனது. ரோடு காலியானது. கை கொஞ்ச நேரம் இறங்கவில்லை.